முழு ஆட்டம் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை நம் பிள்ளைகளுக்குப் போய்விட்டதா?

காவேரிப்பட்டணத்தான்

ஒரு வாரமாக மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். 2025 நவம்பர் 2-ஆம் தேதி பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. மழையால் இரண்டு மணி நேரம் தள்ளித்தான் ஆரம்பித்தார்கள். வீட்டில் நான், என் பையன், அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர். தென்னாப்பிரிக்காவுக்கு லாரா வோல்வார்ட் சதம் அடித்து நிற்கிறார், அவர் நின்றால் கோப்பை போய்விடும். தீப்தி சர்மா போட்ட பந்தைத் தூக்கி அடிக்கிறார். அமன்ஜோத் கௌர் ஓடி வருகிறார், பந்து கையில் பட்டு எகிறுகிறது, மறுபடி எகிறுகிறது, மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டார். நான் எழுந்து கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நான்கு பேரும் தலையைக் குனிந்து போனில் இருக்கிறார்கள். ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. "என்னாச்சுப்பா" என்றான் என் பையன். சொன்னேன். "சரி, ரீல்ஸ்ல வரும், பாத்துக்கலாம்" என்று மறுபடி குனிந்துவிட்டான்.

அந்தப் 'பாத்துக்கலாம்'தான் எனக்கு வலிக்கிறது. 1987 அக்டோபர் 9, சேப்பாக்கம், உலகக் கோப்பையில் நமக்கு முதல் ஆட்டம். எனக்கு 12 வயது. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு ஓடிப்போய் மளிகைக் கடை வாசலில் நின்றோம், கடைக்காரர் ரேடியோவைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஆஸ்திரேலியா 268 எடுத்திருந்தது, டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு ஃபோரை இடைவேளையில் சிக்ஸர் என்று மாற்றினார்கள், கபில்தேவும் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார், 270 ஆனது. கடைசியில் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். மணீந்தர் சிங் போல்டு ஆனபோது ஒரு பந்து மிச்சம் இருந்தது. அந்த வாசலில் முப்பது பேர் இருந்திருப்பார்கள், ஒருத்தர் வாயிலும் பேச்சில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் யாருக்கும் எதையும் எடை போட்டுத் தரவில்லை. 38 வருஷம் ஆகிறது, அந்த இரண்டு ரன்னை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மணிக்கணக்காக நின்று கேட்டதால்தான் அது உள்ளே தங்கியது. கடைசி அரை நிமிஷத்தை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு எது தங்கும்?

ஓசூர்_நைட்_ஷிஃப்ட்

அண்ணா, வணக்கம். எனக்கு 24 வயது, நீங்கள் திட்டுகிற ஆள் நான்தான். உங்கள் 1987 கதையைப் படித்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நான் வேலை செய்வது மூன்று ஷிஃப்ட் ஓடுகிற கம்பெனி. ஒரு வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் மதியம் இரண்டு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து. லைனில் நிற்கும்போது போன் லாக்கரில் இருக்கும். சாயந்திரம் ஏழரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடிகிற ஆட்டத்தை மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் என்னால் முழுதாகப் பார்க்க முடியும். மற்ற நாட்களில் டீ பிரேக்கில் பத்து நிமிஷம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்? விழுந்த விக்கெட்டைத்தான் பார்ப்பேன். இதில் பொறுமை எங்கே வந்தது, நேரம்தான் இல்லை. ரூமில் இருக்கும் நாளிலும் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான், நல்ல தரத்தில் முழு ஆட்டம் ஓட்டினால் இரண்டாவது இன்னிங்ஸ் பாதியிலேயே தீர்ந்துவிடும். உங்கள் மளிகைக் கடை ரேடியோவுக்கு ரீசார்ஜ் தேவைப்படவில்லை.

யாருமே பார்ப்பதில்லை என்பதும் சரியில்லை. 2023 நவம்பர் 19, அகமதாபாத் இறுதிப் போட்டி, நாம் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அன்று ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் ஹாட்ஸ்டாரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் எங்கள் வயதுக்காரர்கள் இல்லாமலா அந்த எண்ணிக்கை வந்திருக்கும்?

காவேரிப்பட்டணத்தான்

தம்பி, ஷிஃப்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், அது யாருக்கும் கஷ்டம்தான். ஆனால் 5.9 கோடி என்பது அந்த நொடியில் எத்தனை போன் திறந்திருந்தது என்பதைத்தான் சொல்லும், அதில் எத்தனை பேர் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள் என்று சொல்லாது. என் வீட்டில் டிவியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பார்த்தது நான் ஒருத்தன். என் பையனுக்கு ஷிஃப்ட் கிடையாது, காலேஜ் மூன்றாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வைஃபை. அவனுக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

அரூர்_பிடி_சார்

நான் உடற்கல்வி ஆசிரியர், 22 வருஷ சர்வீஸ். கிரிக்கெட்டை விடுங்கள், கபடியைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கபடி டோர்னமென்ட் என்றால் இரவு ஒன்பதுக்கு லைட் போட்டு ஆரம்பிப்பார்கள், இறுதி ஆட்டம் முடியும்போது கோழி கூவும். அந்தக் காலத்தில் முதல் சுற்றிலேயே தோற்ற டீம்கூட ஊருக்குப் போகாது. முட்டியில் மண் ஒட்டியபடியே ஓரமாக உட்கார்ந்து, தங்களை அடித்த டீம் அடுத்து யாரிடம் அடி வாங்குகிறது என்று விடியும்வரை பார்க்கும். ஆட்டத்தை அப்படித்தான் கற்றுக்கொண்டோம். எதிரணியில் பாடி வருபவன் எந்தக் காலை முதலில் வைக்கிறான், வலது மூலையில் நிற்பவன் எப்போது கணுக்காலுக்குப் பாய்வான் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். இப்போது நான் அழைத்துப்போகும் பையன்கள் தோற்ற பத்தாவது நிமிஷம் "சார், கிளம்பலாமா" என்கிறார்கள். ஜெயித்தாலும் அடுத்த ஆட்டம்வரை வண்டிக்குள் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறார்கள். மைதானத்தில் நடப்பதைவிட அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014-ல் புரோ கபடி வந்த பிறகு பையன்களின் ஆட்டம் மாறியிருக்கிறது. டுப்கி என்று குனிந்து நழுவி வருகிறார்களே, அதை நான் சொல்லித்தரவில்லை. வீடியோவில் பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓட்டி, அவர்களாகவே கற்றுக்கொண்டார்கள். ஆக, பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். ஒரு உத்தி தெரிகிறது, ஆட்டம் எங்கே திரும்பியது என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

ஓசூர்_நைட்_ஷிஃப்ட்

சார், என் அப்பாவும் ஊத்தங்கரை பக்கம் கபடி ஆடியவர். நீங்கள் சொன்ன அதே கதையை அவரும் சொல்வார், தோற்ற பிறகும் விடியும்வரை இருந்தோம் என்று. ஒருநாள் ஏன்பா இருந்தீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி பஸ் ஏது, காலை அஞ்சு மணி வண்டிதான்" என்றார். இன்று ஒவ்வொருத்தனிடமும் பைக் இருக்கிறது, அதனால் கிளம்புகிறார்கள். அன்றைக்கு உங்களிடம் பைக் இருந்து, காலையில் வயலுக்கும் போக வேண்டியிருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பீர்கள்?

அரூர்_பிடி_சார்

தம்பி, பஸ் இல்லாததும் உண்மைதான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்தவன் எங்காவது போய்ப் படுத்துத் தூங்கியிருக்கலாமே. கோர்ட் ஓரத்தில்தான் உட்கார்ந்தான். உட்கார வைத்தது பஸ்ஸாக இருக்கலாம், பார்க்க வைத்தது ஆட்டம்.

வேப்பனப்பள்ளி_காளை

நான் நடுவில் வருகிறேன், எனக்கு 28. நீங்கள் எல்லோரும் பேசுவதைப் பார்த்தால் எங்கள் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. தை பிறந்து எருது விடும் விழா ஆரம்பித்துவிட்டால் எந்தப் பையன் பொறுமை இல்லாமல் இருக்கிறான் என்று வந்து பாருங்கள். விடியக்காலை ஐந்துக்கு வந்து தடுப்புக் கட்டை ஓரம் இடம் பிடிப்பான். மதியம்வரை வெயிலில் நிற்பான். ஒரு காளை தெருவைக் கடந்து ஓடுவது சில நொடிதான், அதற்கு முன்னும் பின்னும் வெறும் காத்திருப்பு. தடுமாறாமல் நேராக ஓடுகிறதா, எத்தனை நொடியில் கடக்கிறது, போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறதா, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்க நிற்கிற கூட்டம் இன்னொரு பக்கம். ஆந்திரா, கர்நாடகக் காளைகளும் வரும். 2023 பிப்ரவரியில் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று ஓசூர் பக்கம் கோபச்சந்திரத்தில் நெடுஞ்சாலையையே மறித்தார்களே, அங்கே நின்றவர்கள் எந்த வயசு? அந்த மறியல் சரி என்று நான் சொல்ல வரவில்லை, வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. ஆனால் ஒரு விளையாட்டை நேரில் பார்க்க முடியாமல் போகுமோ என்று பதறிய கூட்டம் அது. 2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்த கூட்டமும் இளவட்டம்தான்.

பிடித்தது கிடைத்தால் பையன் நிற்பான். உங்கள் ஆட்டம் அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவனைக் குறை சொல்லாதீர்கள்.

காவேரிப்பட்டணத்தான்

எருது விடும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் தம்பி. போன வருஷமும் போனேன். காளை வரும்போது எத்தனை கண் காளையைப் பார்த்தது? கையை உயரத் தூக்கிப் போனைப் பிடித்திருந்தார்கள், போனில் தெரிகிற காளையைத்தான் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் தடுப்புக்கு வெளியே சாய்ந்து வீடியோ எடுத்தான், காளை ஒரு அடி தள்ளி வந்திருந்தால் அவன் விலா போயிருக்கும். சட்டையைப் பிடித்து இழுத்தேன், வீடியோ ஆடிவிட்டது என்று என்மேல் கோபப்பட்டான்.

வேப்பனப்பள்ளி_காளை

அது தப்புதான், அதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தடுப்பைத் தாண்டி நிற்கக் கூடாது என்று எங்கள் குழுவில் மைக்கில் கத்திக்கொண்டே இருக்கிறோம், காயம் பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். ஆனால் வீடியோ எடுப்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது அண்ணா. மாடு வளர்க்கிறவர் பெரிய பணக்காரர் இல்லை. அவர் காளை ஓடின ஓட்டம் நாலு ஊருக்குத் தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு, அடுத்த விழாவுக்கு அழைப்பு. இன்று ஒவ்வொரு பேர் வாங்கிய காளைக்கும் இன்ஸ்டாவில் தனிப் பக்கம் இருக்கிறது, நடத்துவது பதினெட்டு, இருபது வயசுப் பையன்கள். துபாயில் கட்டட வேலையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் இந்த நேரலையில்தான் தன் வீட்டுக் காளை ஓடுவதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் பண்ணினார். அவருக்கு அது நேரில் பார்த்த மாதிரி இல்லையா?

தருமபுரி_நான்குரோடு

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மொபைல் கடையில் வேலை, வயது 31. நாலைந்து வருஷம் நாங்கள் கடையில் ஆறு பேர் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தோம். வெஸ்ட் இண்டீஸில் விடியற்காலை நடக்கும் ஆட்டத்தைக்கூட. ரசிகன் என்பதால் இல்லை, ஆப்பில் பணம் கட்டி, ஆடுகிற வீரர்களில் நமக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி டீம் போட்டிருப்போம், அவர்கள் நன்றாக ஆடினால் பணம். 49 ரூபாயில் ஆரம்பித்தது, எங்கே போய் நின்றது என்று எழுத எனக்கு விருப்பம் இல்லை, வீட்டில் நகை அடகுவரை போனது. அப்போது நான் பார்த்தது ஆட்டத்தையே இல்லை. என் டீமில் இருக்கிற ஆள் அவுட் ஆகக் கூடாது, அவ்வளவுதான். இந்தியா ஜெயித்த நாளில் நான் அழுதிருக்கிறேன், தோற்ற நாளில் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது, பணம் கட்டி ஆடும் ஆப் எல்லாம் நின்றது, இந்திய அணி சட்டையில் இருந்த ட்ரீம்11 என்கிற ஆப்பின் பெயரும் போனது. அதற்குப் பிறகு எங்கள் ஆறு பேரில் ஆட்டம் பார்ப்பது இரண்டு பேர். மற்ற நான்கு பேருக்கு இப்போது ஸ்கோர்கூடத் தெரியாது. ஆக காவேரிப்பட்டணம் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. எங்கள் வயதில் நிறையப் பேர் ரசிகர்கள் மாதிரி தெரிந்தோமே தவிர ரசிகர்களாக இல்லை. ஆனால் எங்களைச் சின்னப் பையன்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள், எங்கள் கடைக்கு எதிரே 55 வயசு ஆள் ஒருத்தர் எங்களைவிட அதிகம் விட்டார். ஆப் வருவதற்கு முன்னால் டீக்கடை பெஞ்சில் ஓவருக்கு ஓவர் பந்தயம் கட்டியவர்தான் அவர்.

நான் மிச்சம் இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தன். பணம் இல்லாமல் ஒரு ஆட்டத்தை முழுக்கப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அரூர்_பிடி_சார்

தம்பி, இதை வெளியே எழுதியதற்கு நன்றி. என் மாணவர்களிடம் உங்கள் பெயர் சொல்லாமல் இதைப் படித்துக் காட்டலாமா?

தருமபுரி_நான்குரோடு

காட்டுங்கள் சார். அடகு வரியையும் சேர்த்தே படியுங்கள்.

பர்கூர்_மாணவி

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். இங்கே இவ்வளவு நேரம் பேசினீர்களே, ஒரு பெண்ணாவது அந்தக் காட்சியில் இருந்தாளா என்று தேடிக்கொண்டே படித்தேன். மளிகைக் கடை வாசலில் முப்பது பேர் என்றீர்கள் ஐயா. அதில் எத்தனை பெண்கள்? விடியும்வரை கபடி கோர்ட் ஓரம் உட்கார்ந்தவர்களில்? டீக்கடை பெஞ்சில்? என் அம்மாவுக்கும் உங்கள் வயதுதான். அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், இப்போதும் வீட்டில் ஸ்கோர் சொல்வது அவர்தான். சின்ன வயதில் பஞ்சாயத்து டிவி இருந்த அறைக்குள் ஆண்கள் நிறைந்திருப்பார்கள், இவர் வெளியே ஜன்னலோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்று, யாராவது கேட்டால் குடத்தை இறக்கி வைத்த மாதிரி நடித்து, இரண்டு ஓவர் பார்த்துவிட்டுப் போவாராம். எங்கள் அம்மாக்கள் அன்றைக்கே துண்டு துண்டாகத்தான் பார்த்தார்கள். யாரும் அதைப் பொறுமை இல்லை என்று சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

நீங்கள் சொன்ன அதே அமன்ஜோத் கேட்சை நாங்கள் ஹாஸ்டலில் ஒரே போனில் பதினோரு பேர் பார்த்தோம். போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்திருந்தோம், பின்னால் இருந்தவர்கள் கட்டில்மேல் நின்றார்கள். இரவு பன்னிரண்டு ஆகிவிட்டது. விளக்கு அணைத்தாயிற்று, சத்தம் போட்டால் வார்டன் வருவார். அந்தக் கேட்சுக்குக் கத்த முடியாமல் தலையணையில் முகத்தை வைத்துக் கத்தினோம். அரை இறுதியில் ஆஸ்திரேலியாவின் 338-ஐத் துரத்தி ஜெமிமா 127 அடித்து அவுட் ஆகாமல் நின்றதையும் அதே போனில்தான் பார்த்தோம். சொல்லுங்கள், எங்களுக்குப் போன்தான் மளிகைக் கடை வாசல் என்றால் அதில் என்ன குறை?

இன்னொன்று, நேரில் போய்ப் பார்க்க எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த இறுதிப் போட்டி முதலில் பெங்களூருவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது, பாகிஸ்தான் தகுதி பெற்றால் மட்டும் கொழும்பு. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் போய்விடலாம். 2025 ஜூன் 4-ஆம் தேதி அங்கே சின்னசாமி மைதானத்து வாசலில் ஆர்சிபி அணியின் ஐபிஎல் வெற்றி விழா நெரிசலில் 11 பேர் இறந்துபோன பிறகு அந்த ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாறிவிட்டன. வீட்டில் அனுமதி வாங்க நான் சேர்த்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அதோடு போயின.

ஓசூர்_நைட்_ஷிஃப்ட்

ஜூன் 4 அன்று நானும் போகவேண்டியவன். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தானே, ரூமில் மூன்று பேர் கிளம்பினார்கள், எனக்கு ஷிஃப்ட் மாற்றித் தரவில்லை. அவர்கள் கப்பன் பார்க் தாண்ட முடியாமல் திரும்பி வந்தார்கள், நல்ல வேளை. அன்று இறந்தவர்களில் பெரும்பாலும் எங்கள் வயது, இன்னும் சின்னவர்களும் இருந்தார்கள். இளைஞர்களுக்கு நேரில் போகும் ஆர்வம் இல்லை என்று இனிமேல் யாராவது சொன்னால் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வரும். நேரில் வந்தவர்களை உயிரோடு திருப்பி அனுப்பும் ஏற்பாடு பெரியவர்கள் கையில்தானே இருந்தது?

காவேரிப்பட்டணத்தான்

பர்கூர் அம்மாவுக்கு. நீங்கள் கேட்டது சரி. அந்த வாசலில் ஒரு பெண்கூட இல்லை. எதிர் வீட்டில் என் அக்கா இருந்தார், அவருக்கும் கிரிக்கெட் பிடிக்கும், அன்றைக்கு நான்தான் ஓடி ஓடிப் போய் ஸ்கோர் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன், அக்காவை ஒரு தடவைகூடச் சேர்த்ததில்லை. நேற்று இரவு அவருக்குப் போன் செய்தேன். கடைசி ஓவர் ஸ்கோர் சொல்ல நான் வரவே இல்லையாம், மறுநாள் பேப்பரில்தான் தோற்றது தெரிந்ததாம்.

ஆனால் உங்கள் பதினோரு பேரும் என் பக்கத்துச் சாட்சி அம்மா. நீங்கள் ஒரே போனை எல்லோரும் சேர்ந்து, வேறு எதையும் பார்க்காமல், முழுக்கப் பார்த்தீர்கள். என் வீட்டில் நான்கு பேரிடம் நான்கு போன், ஒவ்வொன்றிலும் வேறு வேறு படம். எனக்குப் போன்மேல் கோபம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கேயோ இருக்கிறானே, அதுதான் தாங்கவில்லை.

அரூர்_பிடி_சார்

பார்வையாளர் பண்பு பற்றியும் ஒரு வார்த்தை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம் டெஸ்ட். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தான் ஜெயித்தது. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நாலு நாள் உட்கார்ந்து பார்த்த கூட்டத்துக்குத்தான் அந்த மனசு வரும். இன்று எதிரணி வீரர் ஒரு கேட்ச் விட்டால் அவருடைய பக்கத்தில் போய் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுகிறார்கள்.

பர்கூர்_மாணவி

சார், அந்தச் சேப்பாக்கம் எனக்கும் பெருமைதான். ஆனால் அதே தொடரை அடுத்து, அடுத்த மாதமே கொல்கத்தாவில் பாகிஸ்தானோடு டெஸ்ட். சச்சின் ரன் அவுட் ஆனதற்குக் கலவரமாகி, கடைசி நாளில் போலீஸ் கூட்டத்தை வெளியேற்றி, காலி அரங்கத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். 1996 மார்ச் 13 உலகக் கோப்பை அரை இறுதியும் அதே மைதானம், பாட்டில் எறிந்து ஆட்டம் நின்று இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். அப்போது யார் கையில் போன் இருந்தது? திட்டுவது தப்பு, நான் மறுக்கவில்லை. அந்தக் கோபம் எங்களோடு பிறக்கவில்லை என்கிறேன்.

அரூர்_பிடி_சார்

1996 மறந்துபோய் எழுதவில்லை அம்மா, எழுதப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நானும் டிவி முன்னால்தான் இருந்தேன். காம்ப்ளி அழுதுகொண்டே போனது கண்ணிலேயே நிற்கிறது.

ஓசூர்_நைட்_ஷிஃப்ட்

பொறுமை பற்றி இன்னொன்று சொல்லிவிட்டு முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் செஸ் உலகச் சாம்பியன் போட்டியில் நம்ம குகேஷ் ஆடிய 14-ஆவது ஆட்டம். எனக்கு அன்று நைட் ஷிஃப்ட், மதியம் தூங்க வேண்டியவன், இரண்டரைக்கு யூடியூபைத் திறந்தவன் மூடவே இல்லை. ஒரு காய் நகரப் பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ரூமில் மூன்று பேர் அதையே பார்த்தோம். எல்லோரும் டிரா என்று முடிவு கட்டியபோது 55-ஆவது நகர்த்தலில் எதிரே ஆடிய டிங் லிரென் யானையை மாற்றி வைத்தார். குகேஷ் முகம் மாறியதைப் பார்த்தே தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. 18 வயதில் உலகச் சாம்பியன். நாலு மணி நேரம் அண்ணா, ஒரு சிக்ஸர் கிடையாது, ஒரு கத்தல் கிடையாது. எங்களால் உட்கார முடியும்.

சரி, கேள்வி. உங்கள் பையன் கிரிக்கெட் ஆடுவானா? காலேஜ் மூன்றாம் வருஷம், காவேரிப்பட்டணம் என்றால் ஏதாவது டென்னிஸ் பால் டீமில் இருப்பான் என்று நினைக்கிறேன். இப்போது எங்கள் பக்கத்து டோர்னமென்டில் நிறைய கிரிக்ஹீரோஸ் ஆப்பில் பந்துக்குப் பந்து ஸ்கோர் ஏறுகிறது, சிலது யூடியூபில் நேரலையும் வருகிறது, கமென்டரி தமிழில், ஊர்ப் பையன்களே சொல்கிறார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் ஆடிய டென்னிஸ் பால்தான் அது, அங்கிருந்துதான் இந்திய அணியில் ஆட ஆஸ்திரேலியா வரைக்கும் போனார். பையன்கள் அன்று போனில் பார்த்தது வேறு ஏதோ ஊர் ஆட்டத்தின் ஸ்கோராகக்கூட இருக்கலாம். அவன் ஆடுவதை நீங்கள் எப்போதாவது நேரில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

தருமபுரி_நான்குரோடு

நல்ல கேள்வி. என் அப்பா என் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தார், பேட்டைப் பிடுங்கிக்கொண்டு போக.

வேப்பனப்பள்ளி_காளை

அண்ணா பதில் போடாமல் இரண்டு நாள் ஆகிறது. யாராவது அதிகமாகப் பேசிவிட்டோமா?

காவேரிப்பட்டணத்தான்

இல்லை தம்பி, மண்டியில் வேலை. அதோடு பதில் தெரியாமல்தான் எழுதவில்லை.

பையனிடம் கேட்டேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தான், ஏதோ திட்டப்போகிறேன் என்று. அப்புறம் போனைக் காட்டினான். மூன்று வருஷமாக ஒரு டீமில் ஆடுகிறானாம். 61 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை ரன், எத்தனை பந்து, யார் அவுட் ஆக்கியது, எல்லாம் அதில் இருக்கிறது. காரிமங்கலம் பக்கம் ஒரு மைதானத்தில் 19 பந்தில் 34. தேதியைப் பார்த்தேன், அன்று நான் வீட்டில் உட்கார்ந்து ஏதோ பழைய மேட்ச் மறு ஒளிபரப்பு பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேடா போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அமன்ஜோத் கேட்ச் நேரத்தில் என்னடா பார்த்தீர்கள் என்றும் கேட்டேன். அரை இறுதியில் மோதப்போகும் டீமின் பந்துவீச்சாளர் வீடியோவாம், நான்கு பேரும் அதே டீம்தான். நான்கு போனில் நான்கு படம் என்று நான் இங்கே எழுதியது தப்பு, நான்கிலும் ஒரே பையன்தான் பந்து வீசிக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்படியும் சொல்கிறேன், அந்தக் கேட்சை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வீடியோ அரை மணி நேரம் கழித்தும் அங்கேயே இருந்திருக்கும். இதில் என் எண்ணம் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அரை இறுதி. வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க, ஆனா பவுண்டரி லைன்ல நின்னு எதுவும் சொல்லாதீங்க" என்றான். மைதானம் பாலக்கோடு ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறதாம். ஒன்பது மணி ஆட்டம் என்றால் ஒன்பதுக்கே ஆரம்பித்துவிடுவார்களா, யாருக்காவது தெரியுமா?

தருமபுரி_நான்குரோடு

அந்த மைதானம் தெரியும் அண்ணா. டாஸ் எட்டரைக்கே போட்டுவிடுவார்கள், தாமதமாக வந்த டீமுக்கு ஓவரைக் குறைப்பார்கள். நிழலுக்கு ஒரே ஒரு புளியமரம், எட்டு மணிக்குப் போனால்தான் அதன் கீழ் இடம் கிடைக்கும். ராத்திரி மழை பெய்தால் ஆட்டம் தள்ளிப் போகலாம், அதை ஆப்பில்தான் போடுவார்கள், பையனை உங்கள் போனிலும் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.